துண்டுக்குள் இருந்த விலை

பெங்களூரில் மூடிப்போன ஒரு கம்பெனியின் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு கம்ப்யூட்டரும் ஏலத்தில் போனது. அதை எடுத்தவர் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு பாய். அது வந்த லாரியில் நான் கிளீனர். கிருஷ்ணகிரி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிழிந்திருந்ததால் டிரைவர் என்னை மேலே ஏறிப் பெட்டியின் மேல் சாக்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். தருமபுரியில் இறக்கும்போது பெட்டி காய்ந்திருந்தது, நான் நனைந்திருந்தேன். பாய் இரண்டையும் பார்த்துவிட்டு, லாரியில் எனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டார். சாப்பாடும் படுக்க இடமும் என்றேன். அது தன்னிடமும் இருக்கிறது என்றார். டிரைவருக்கு வருத்தமில்லை. லாரி கிளம்பிவிட்டது, நான் இருந்துவிட்டேன்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துமூன்று வயதிருக்கும். நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் கிணறு வற்றிய வருஷம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு கல் குவாரி, ஜவ்வரிசி ஆலை, ஓசூரில் கட்டட வேலை, கடைசியாக லாரி. எந்த இடத்திலும் இரண்டு பொங்கல் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை. குவாரியில் இடது கையில் ஒரு விரல் நுனி போனது. அதனால் பெரிய தொல்லை எதுவும் இல்லை, பின்னால் கீபோர்டு அடிக்கவும் அது தடையாக இல்லை.

பாய்க்கு முப்பது வயது. ஐ.டி.ஐ.யில் ரேடியோ படித்தவர். வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் புளி வியாபாரி, மண்டித் தெருவில் பெரிய ஆள். ஊர் மாமனாரைப் பெரிய பாய் என்றும் மருமகனை ரேடியோ பாய் என்றும் சொன்னது. வீடு மாமனாருடையது, பஸ் ஸ்டாண்டுக் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தது மாமனார், சைக்கிள்கூட மாமனார் வாங்கிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் ஒன்றுதான் ரேடியோ பாய் தானாக முடிவு செய்து வாங்கியது. அதை வைக்க இடம் வேண்டியிருந்தது. அந்த இடமும் மாமனாருடையதாகவே இருந்தது: மண்டிக்குப் பின்னால் புளி அடுக்கும் சின்னக் கிடங்கு. ஐப்பசியில் அது காலியாகத்தான் கிடக்கும்.

பெரிய பாய் இடத்தைக் கொடுக்கும்போதே கெடுவையும் சேர்த்துக் கொடுத்தார். மாசியில் புதுப்புளி இறங்கும். அதற்குள் இந்தப் பெட்டி மண்டிக் கணக்கை எடுத்துக்கொண்டு வேலை செய்தால் கிடங்கு அதற்கு. இல்லாவிட்டால் புளிக்கு. மருமகன் பழையபடி ரேடியோவைக் கவனிக்க வேண்டியது. சத்தம் போட்டெல்லாம் சொல்லவில்லை. அவர் மருமகனிடம் சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கேலிகூட மரியாதையோடுதான் வரும்.

"புளி பேசாதுங்க மாப்ள, ஆனா வெல போகும். உங்க பொட்டி பேசவும் மாட்டேங்குது, வெல போகவும் மாட்டேங்குது."

பெட்டி பேசாததற்குக் காரணம் அந்தக் கிடங்கேதான். கம்ப்யூட்டருக்குக் கரெண்டு கொடுத்தால் மட்டும் போதாது. அதை எழுப்பி, கீபோர்டு, பிரிண்டர் எல்லாவற்றையும் மேய்க்க ஒரு சிஸ்டம் வேண்டும். அது ஒரு சதுரமான கறுப்புப் பிளாப்பியில் இருந்தது, ஒரே ஒரு பிளாப்பி. பல வருஷம் புளி கிடந்த சுவரில் உப்பு ஊறியிருந்தது. அடைமழையில் சுவர் வியர்த்தது. அலமாரியில் வைத்திருந்த பிளாப்பியின் நீள ஓட்டைக்குள், மழைக்காலப் புளியின் மேல் பூப்பதுபோல வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதைப் போட்டால் டிரைவ் கரகரவென்று அரைத்துவிட்டு நின்றுவிடும்.

ரேடியோ பாய் அதைக் கொடுத்து என்னைப் பெங்களூர் அனுப்பினார். சிஸ்டத்தை விற்ற கடைக்காரர் நாகரிகமாகத்தான் பேசினார். யார் பேரில் வாங்கியதோ அந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்தால் வேறு பிளாப்பி வரவழைக்கலாம் என்றார். அந்தக் கம்பெனி மூடிப்போய்விட்டது, அதனால்தான் ஏலம் நடந்தது என்றேன். அப்படியானால் புதிதாக வாங்க வேண்டும் என்றார். வேறு ஒருவருடையதிலிருந்து ஒரு காப்பி எடுத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டேன். அது கூடாது என்றார். அன்று மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்துவிட்டு மறுநாள் திரும்பினேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ரேடியோ பாய் ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்ற ஆரம்பித்தார். மறுபடியும் மாட்டவில்லை என்பதை ரொம்ப நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

கார்த்திகையில் ஒருத்தர் டேப் ரிக்கார்டர் ரிப்பேருக்கு வந்தார். மாரண்டஹள்ளிப் பக்கம் ஊர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் வேலை. டேப் ரிக்கார்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பேசிய பேச்சில் கம்ப்யூட்டர் கதையும் வந்தது. அவர் கிடங்குக்கு வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிளாப்பியும் ஒரு கட்டுக் காகிதமும் கொண்டுவந்தார். காகிதம் மடித்து மடித்து அடுக்கியது, ஓரத்தில் ஓட்டை போட்டது. விரித்தால் கிடங்கின் நீளத்துக்கு வரும். ஒரு சிஸ்டம் முழுவதையும் எழுதிய எழுத்து அதில் அச்சாகியிருந்தது.

அவர் சொன்னதை ரேடியோ பாய் பிறகு பல பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "இது ஒருத்தர் செஞ்சதில்லீங்க. நெறைய பேரு எழுதி, நெறைய பேரு திருத்துனது. உள்ள என்ன இருக்குன்னு எல்லாரும் பாக்கலாம். யார் கேட்டாலும் காப்பி போட்டுக் குடுங்க. தப்பு ஏதாச்சும் கண்டுபுடிச்சீங்கன்னா எனக்கு ஒரு கார்டு போடுங்க." டேப் ரிக்கார்டருக்கான கூலியை அவரிடம் வாங்க ரேடியோ பாய் மறுத்தார். அவர் கேட்காமல் வைத்துவிட்டுப் போனார். இந்த மாதிரி சிஸ்டத்துக்கு இப்போது ஒரு பெயர் இருக்கிறது, அதற்காகக் கூட்டமெல்லாம் நடக்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது ஓசூர்க்காரர் கொடுத்தது, அவ்வளவுதான்.

புது சிஸ்டம் போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய சிஸ்டத்தோடு வந்த கணக்குப் புரோகிராம் இதில் ஓட மறுத்தது. மண்டிக் கணக்குக்கு வேண்டியதை ரேடியோ பாய் முதலிலிருந்து தானே எழுத வேண்டியதாயிற்று. பிரிண்டர் இன்னொரு கூத்து செய்தது. ஒரு வரியை அடித்து முடித்ததும் காகிதத்தை நகர்த்தாமல் அதே வரியின் மேலேயே அடுத்த வரியை அடித்தது. ஒரு பக்கம் முழுவதும் ஒரே வரியில், கரிக்கோடு மாதிரி. காகிதக் கட்டைத் தரையில் விரித்துப்போட்டு இரண்டு பேரும் அதன்மேல் முட்டிபோட்டு நகர்ந்தோம். அவர் ஒரு முனையிலிருந்து, நான் இன்னொரு முனையிலிருந்து. எனக்கு அதில் பாதி புரியாது. பிரிண்டர் என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று மட்டும் தேடச் சொன்னார். நாலைந்து நாள் ஆனது. இடம் கிடைத்ததும் ஒரு வரி சேர்த்தார். பிரிண்டர் ஒழுங்காகக் காகிதத்தை நகர்த்தியது. அன்றைக்கு அவர் டீ வாங்கி வரச் சொன்னது நினைவிருக்கிறது. வழக்கமாகச் சொல்வது இல்லை.

அதன்பிறகு அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. சிஸ்டம் இங்கிலீஷில் சொல்கிற சொற்களையெல்லாம் மாற்ற ஆரம்பித்தார். திரையில் தமிழ் எழுத்து வராது, அதனால் இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழ். தப்பாக எதையாவது அடித்தால் 'புரியல' என்று வந்தது. அவர் மனைவி ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்தபோது அதைப் பார்த்தார். நான் அவரை அக்கா என்பேன், அவர் பெரிய பாயை அத்தா என்பார். ஒரு பெட்டி எல்லோரிடமும் இப்படியா பேசும், நாளைக்கு எங்க அத்தா வந்து உட்கார்ந்தால் அவரிடமும் இப்படித்தான் சொல்லுமா என்று கேட்டார். மறுநாளிலிருந்து அது 'புரியலீங்க' என்றது.

சிஸ்டத்தோடு சில விளையாட்டுகளும் வந்திருந்தன. படமெல்லாம் கிடையாது. நிலாவில் இறங்குகிற விளையாட்டு ஒன்று. எவ்வளவு எரிபொருள் விடுவது என்று எண்ணை அடித்தால் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறோம் என்று எண்ணாகவே பதில் வரும், கடைசியில் இறங்கினோமா நொறுங்கினோமா என்று ஒரு வரி. இன்னொன்றில் ஒரு எழுத்துதான் ஆள். குகைக்குள் அவனை நடத்த வேண்டும். கலைக் கல்லூரிப் பையன்களும் டைப்ரைட்டிங் படித்த பெண்களும் சாயங்காலம் வந்தார்கள். முதல் வாரம் விளையாடினார்கள். அடுத்த வாரம் அந்த விளையாட்டு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காகிதத்தைக் கேட்டார்கள். எரிபொருள் தீராதபடி ஒருவன் மாற்றிவிட்டான். ஒரு பெண் குகையில் வரும் பூதத்துக்கு அவளுடைய இன்ஸ்டிடியூட் மாஸ்டர் பெயரை வைத்துவிட்டுப் போனாள். கரெண்டு போகும்போது எல்லாம் அழிந்துவிடும். கரெண்டு தினமும் போனது. வந்ததும் மறுபடி அடிப்பார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல், கல்யாண வீடுகளுக்கு விலாசம் என்று சில்லறை வேலைகளும் வந்தன. ஆனால் கெடு அதற்கு இல்லை. கெடு மண்டிக் கணக்குக்கு. தை பிறந்தபோது ரேடியோ பாய் அந்தப் புரோகிராமை எழுதி முடித்துவிட்டார். பெரிய பாயை அழைத்தார்.

அவர் வந்து சாக்குக்கட்டின் மேல் உட்கார்ந்தார், நாற்காலியில் இல்லை. ரேடியோ பாய் எல்லாவற்றையும் காட்டினார். யாரிடம் எவ்வளவு சரக்கு, எந்தப் பக்கத்துப் புளி, கொட்டை எடுத்ததா எடுக்காததா, எல்லாம் பெயரைத் தட்டினால் வந்தது. பெரிய பாய் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ரேடியோ பாய்க்கு இந்தச் சிஸ்டத்தின் மேல் இருந்த பெருமை நிறுத்தவிடவில்லை. காகிதக் கட்டை எடுத்து மாமனார் மடியில் வைத்தார். இதில் மூடி மறைத்தது ஒன்றுமில்லை மாமா, உள்ளே இருப்பது எல்லாம் திறந்து கிடக்கிறது, கல்லூரிப் பையன்கள்கூட எடுத்துப் பார்க்கிறார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்.

பெரிய பாயின் தலையாட்டல் நின்றது. மடியிலிருந்த கட்டைச் சூடான பாத்திரத்தைப்போல எடுத்துக் கீழே வைத்தார்.

"எல்லாரும் பாக்கலாமுங்களா?"

"ஆமாங்க மாமா."

"நல்லதுங்க," என்று எழுந்து போய்விட்டார்.

புளி வியாபாரம் தெரியாதவர்களுக்கு அவர் ஏன் எழுந்து போனார் என்பது விளங்காது. எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் விலையை வாயால் பேச மாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எத்தனை விரல், முழு விரலா பாதியா என்பதில் விலை இருக்கிறது. சுற்றிலும் நூறு பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் தெரியாது. பெரிய பாய் புளியையும் அப்படித்தான் பேசுவார். அவருடைய துண்டு பச்சைக் கட்டம் போட்டது, எப்போதும் இடது தோளில் கிடக்கும். அதற்குள் முடிந்த விலை அவர் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவரிடம், உங்கள் கணக்கைப் போடப்போகிற பெட்டி எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்று மருமகன் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்று சாப்பாட்டின்போது பெரிய பாய் சொன்னதை அக்கா வந்து சொன்னார். கணக்கைப் பெட்டிக்குத் தர முடியாது, சந்தை நடுவில் துண்டை எடுத்துவிட்டு விலை பேசுகிற ஆள் தான் இல்லை. மாசியில் கிடங்கைக் காலி செய்துவிட வேண்டும். ரேடியோ பாய் சிஸ்டம் வேறு, அதற்குள் வைக்கிற கணக்கு வேறு என்று விளக்கிப் பார்த்தார். அக்காவுக்கே அது விளங்கவில்லை. உள்ளே இருப்பது எல்லாம் திறந்து கிடக்கிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார்.

இரண்டு நாள் ரேடியோ பாய் கிடங்குக்கே வரவில்லை. நான் கூட்டிவைத்தேன், பையன்களுக்கு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வந்தவர் பிளாப்பியில் இருந்த ஒரு சின்ன விளையாட்டை எடுத்தார். யாரும் அதை இரண்டாம் தடவை விளையாடியதில்லை. கம்ப்யூட்டர் நூறுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொள்ளும், நாம் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், அதிகமா குறைவா என்று அது சொல்லும். அவ்வளவுதான். அதை அவர் புளி பேரமாக மாற்றினார். பெட்டி ஒரு விலையை மனதில் வைத்திருக்கிறது. நீங்கள் கேட்கிறீர்கள். குறைத்துக் கேட்டால் 'கட்டாதுங்க' என்கிறது. ரொம்பக் குறைத்தால் 'புளி தின்ன வந்தீங்களா, வாங்க வந்தீங்களா' என்கிறது. கூடுதலாகக் கேட்டால் 'இவ்ளோ குடுப்பீங்கன்னு தெரியாதுங்க' என்கிறது. அந்த வரிகளில் பாதி நான் சொன்னது. இங்கே வந்தபின் பெரிய பாய் மண்டியில் மூட்டை தூக்கிய நாட்களில் கேட்ட பேச்சு.

ஊரில் ஒரு பெட்டி தன்னைப்போலப் பேரம் பேசுகிறது என்று கேள்விப்பட்டால் பெரிய பாயால் சும்மா இருக்க முடியாது. காலையில் மண்டியைத் திறக்கும் முன் வந்தார். என்னைப் பார்த்து, "ஏம்பா, உங்க பொட்டி புளி விக்குதாமே," என்றார். எண்களை அவரே ஒற்றை விரலால் தட்டினார். நாலைந்து கேள்வியில் விலையைப் பிடித்துவிட்டார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். போணி மாதிரி அது ஆகிவிட்டது. பெட்டியோடு ஒரு பேரம் முடித்துவிட்டுத்தான் மண்டிக்குப் போவார்.

ஒருநாள் அவர் கேட்டார், பெட்டி நினைத்திருக்கிற விலை மருமகனுக்குத் தெரியுமா என்று. ரேடியோ பாய் காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான். விளையாட்டை எழுதிய காகிதத்தைக் காட்டினார். இருபது வரி இருக்கும். இதுதான் முழுவதும், இதில் ஒளித்தது ஒன்றுமில்லை, ஆனால் எந்த விலையை நினைத்திருக்கிறது என்று எழுதிய எனக்கும் தெரியாது என்றார்.

"உங்க துண்டு மாதிரித்தாங்க மாமா. துண்டு எல்லாரும் பாத்த துண்டுதான். எந்த வெரலுக்கு என்ன வெலைன்னு சந்தைக்கே தெரியும். உள்ள இருக்கிற கை மட்டும்தான தெரியாது. எல்லாரும் பாக்குறது துண்டைத்தாங்க. உங்க கணக்கு கை."

பெரிய பாய் தோளிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தார், புதிதாக வாங்கியதைப் பார்ப்பதுபோல. மறுபடி போட்டுக்கொண்டார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பார்க்கலாம் என்றால் பாதி சரி என்று அர்த்தம் என அக்கா சொன்னார். ரேடியோ பாய் கிடங்குச் சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் கேட்டு வைத்தார்.

தை கடைசியில் ஒரு காலை. பெரிய பாய் வந்தார். கூடவே மண்டித் தெருவிலிருந்து இரண்டு வியாபாரிகளையும் அழைத்து வந்திருந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். டிரைவ் சத்தம் போட்டு அடங்கியது, விளையாட்டு வந்தது. கீபோர்டைத் தொடாமலே பெரிய பாய் அவர்களிடம் சொன்னார்.

"இப்ப இவன் மனசுல முப்பத்தேழு இருக்குது."

தட்டச் சொன்னார். தட்டினேன். பேரம் முடிந்தது என்று வந்தது.

ஒரு வியாபாரி சிரித்தார். இன்னொருவர் ஜின் வசியமா என்று கேட்டார். பெரிய பாய் சிரிக்கவில்லை. மருமகனைப் பார்த்தார். "மாப்ள, உங்க பொட்டி தெனமும் காலைல மொத பேரத்துக்கு முப்பத்தேழையே வெச்சிருக்குதுங்க. நாலு நாளா பாக்குறேன். துண்டு போட்டிருக்கீங்க, சரி. துண்டுல ஓட்டை இருக்குதுங்களே."

நாங்கள் இருவரும் பகலில் ஏதேதோ விளையாட்டு ஓடிய பிறகுதான் அதைத் தொடுவோம். காலையில் சுவிட்சுப் போட்டதும் முதல் ஆளாக உட்கார்ந்தவர் பெரிய பாய் ஒருவர்தான். போணிக்கு வருகிறவருக்கு மட்டும் தெரிகிற ஓட்டை அது. ரேடியோ பாய் சமாளிக்கப் பார்க்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். முப்பத்தேழு. மறுபடியும் முப்பத்தேழு.

பெரிய காகிதக் கட்டை இறக்கி விரித்தார். பெரிய பாயும் கூட வந்த இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்கள். அவர் முட்டிபோட்டு நகர்ந்தார், நானும் நகர்ந்தேன். இந்த முறை எனக்குத் தேட வேண்டிய வார்த்தை தெரிந்திருந்தது. மண்டி திறக்கிற நேரம் தாண்டிப்போயிற்று. வெளியே மாட்டுவண்டிக்காரர் கூப்பிட்டார். பெரிய பாய் போகவில்லை.

இடம் கிடைத்தது. எந்த எண்ணை நினைப்பது என்று முடிவு செய்கிற பகுதி, பெட்டி விழித்தவுடன் எப்போதும் ஒரே இடத்திலிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. தினமும் ஒரே வாசலில் கிளம்பி ஒரே தெரு வழியாக நடக்கிறவன் மாதிரி. அதை எழுதியவர் யாரோ, எந்த ஊரோ, அங்கே யாரும் காலைப் போணிக்கு வந்து உட்காரவில்லை போலிருக்கிறது. ரேடியோ பாய் யோசித்தார். விளையாட்டு தொடங்கும் முன், ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று பெட்டி கேட்கும்படி செய்தார். அழுத்தும் வரை அது உள்ளுக்குள் வேகமாக எண்ணிக்கொண்டே இருக்கும். கை பட்ட நிமிஷத்தில் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து கிளம்பும். நான்கு வரி. அதை அடித்து, பிளாப்பியில் ஏற்றி, அணைத்துப் போட்டார்.

பெரிய பாய் உட்கார்ந்தார். முப்பத்தேழு என்று தட்டினார். 'கட்டாதுங்க' என்றது.

அணைக்கச் சொன்னார். போடச் சொன்னார். முப்பத்தேழு. 'இவ்ளோ குடுப்பீங்கன்னு தெரியாதுங்க' என்றது. மறுபடி அணைக்கச் சொன்னார். கூட வந்தவர்களில் ஒருவர் நேரமாகிறது என்று போய்விட்டார். பெரிய பாய் விடவில்லை. பொத்தானைச் சீக்கிரம் அழுத்திப் பார்த்தார், காத்திருந்து அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒரு முறைகூடப் பெட்டி அவரிடம் சிக்கவில்லை.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "தப்பு யாரு செஞ்சதுங்க?"

"யாருன்னு தெரியலீங்க மாமா. எங்கயோ எழுதுனது."

"பெங்களூர்ல வாங்குன பழைய பிளாப்பில இப்படி ஒரு ஓட்டை இருந்திருந்தா?"

ரேடியோ பாய் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இருந்திருந்தாலும் நமக்குத் தெரிஞ்சிருக்காதுங்க. தெரிஞ்சாலும் அவங்கதான் அடைக்கணும். நாம தொட முடியாது."

"இதுல?"

"நானே அடைக்கலாங்க."

பெரிய பாய் கூட வந்திருந்த இன்னொரு வியாபாரியைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா. ஓட்டை வுழுந்தா புடிக்க வேண்டிய ஆளு எங்க வூட்லயே சோறு திங்குறாரு. பெங்களூர் வரைக்கும் பஸ் ஏற வேண்டியதில்ல."

அந்த வியாபாரி சிரித்தார். ரேடியோ பாய்க்கு அது பாராட்டா குத்தா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டோடு மாப்பிள்ளையிடம் சோற்றைச் சொல்லிக் காட்டுவது எங்கள் பக்கம் சாதாரணமான பேச்சு இல்லை. ஆனால் அன்று அவர் அதைச் சொல்லிவிட்டு எழுந்து போகவில்லை. மண்டியிலிருந்து ஆளைக் கூப்பிட்டு, நடந்துகொண்டிருந்த வருஷத்துக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். வந்ததும் மருமகனிடம் தானே கொடுத்தார். கொடுத்த கையின் மேல் அவருடைய துண்டு கிடந்தது. வேண்டுமென்று போட்டதா, தோளிலிருந்து நழுவியதா என்று தெரியாது. ரேடியோ பாய் துண்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். பிறகு துண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

ரேடியோ பாய் ஓசூர்க்காரருக்குக் கார்டு போடச் சொன்னார். நான்தான் எழுதினேன். இன்ன இடத்தில் ஓட்டை, இப்படி அடைத்தோம், தருமபுரி என்று. ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து பதில் வந்தது. தன்னிடமிருந்து வாங்கிய எல்லோருக்கும் அந்த நான்கு வரியை அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தார். பெரிய பாயிடம் அதைப் படித்துக் காட்டினோம். அவர் முதலில் கேட்டது, நம் மண்டிப் பெயரை அவர்களுக்கு எழுதிவிட்டீர்களா என்பதுதான். இல்லை என்றதும் நிம்மதியானார்.

மாசியில் புதுப்புளி வந்தது. கிடங்கு என்ன ஆனது என்று கேட்டால், பாதி ஆனது. கணக்குப் பெட்டிக்கு வந்துவிட்டது, அதனால் பெட்டியை வெளியே எடுக்கவில்லை. ஆனால் சரக்கு அந்த வருஷம் அதிகம், பெரிய கிடங்கு போதவில்லை. நடுவில் ஒரு தட்டி வைத்து அந்தப் பக்கம் மூட்டை, இந்தப் பக்கம் கம்ப்யூட்டர். அடுத்து வந்த கோடை மழைக்குள் பிளாப்பிகளை எல்லாம் அக்கா தன் பித்தளை அரிசித் தூக்கில், அரிசிக்கு நடுவில் வைத்து மூடினார். அந்த யோசனையை யார் சொன்னது என்று தெரியாது, ஆனால் ஈரம் படவே இல்லை. அதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் மூன்று நான்கு காப்பி எடுத்து, கேட்ட பையன்களுக்குக் கொடுத்துவிட்டிருந்தோம். ஒன்று பூத்தாலும் ஊரில் எங்காவது இன்னொன்று இருக்கும்.

நான் ஆடி வரைக்கும் இருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் மூட்டைகளின் மேல்தான் படுக்கை. புளி சூடு, மாசிக் குளிரில் நன்றாக இருந்தது, கோடையில் படுக்க முடியவில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றுகிற லாரியில் ஆள் வேண்டும் என்றார்கள். ரேடியோ பாயிடம் சொன்னேன். சிஸ்டத்தில் ஒரு காப்பி போட்டுக் கையில் கொடுத்தார். என்னிடம் கம்ப்யூட்டர் இல்லை என்றேன். யாராவது கேட்டால் கொடு என்றார்.

நான் கிளம்பியது காலையில். பெரிய பாய் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். 'கட்டாதுங்க' என்று வந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, போய்ட்டு வாப்பா என்றார்.